கன்னியர் பள்ளியில் நம் குழந்தைகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

'நம் குழந்தைகளின் கல்வி' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். யாம் கல்வித் துறையில் வல்லவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, சரக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரசீதுகளோடும் வண்டி எண்களோடும் மல்லாடி வருகின்ற எழுத்தர். ஆகவே கல்வித் தத்துவங்களை ஆராய்வதை அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, நம் குடியிருப்புக் குழந்தைகளிற் பலர் நாள்தோறும் செல்லுகின்ற கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியைப் பற்றியே பேச விழைகின்றோம். அங்கே என்ன நடக்கிறது, அதில் நாம் மகிழ வேண்டுவது எது, கவலை கொள்ள வேண்டுவது எது என்பவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

அப்பள்ளியின் காலைப் பொழுதை நீங்கள் அறிவீர்கள். மணி அடித்ததும் குழந்தைகள் வரிசையில் நிற்கின்றனர். வழிபாடு முடிந்ததும் திங்கட்கிழமைகளில் நகமும் கைக்குட்டையும் பார்க்கப்படும். பின்னர் வகுப்பு. சிறு பிள்ளைகளின் வகுப்பில் எழுத்தை முதலில் கண்ணுக்குக் காட்டுவதில்லை, விரலுக்குக் காட்டுகின்றனர். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தின்மீது குழந்தை விரலை ஓட்டி ஓட்டி அதன் வடிவத்தை உணர்கிறது. இம்முறையை வகுத்தவர் இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி. அவர் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதியது இதனின்றும் வெகு தொலைவில் இல்லை. அம்மணல் எழுத்தைச் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் பள்ளியில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், அங்கே தாம் கண்ட முறைகளை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்றே அது அங்குப் பெயர் பெற்றது. அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் நம் ஊர் மணல் இங்கிலாந்து வரை சென்றது என்பதைச் சொல்லாமல் விட எமக்கு மனம் வரவில்லை.

கணக்குப் பாடம் எமக்கு மிகவும் பிடித்தது. பள்ளியின் சாளரத்திலிருந்து தண்டவாளம் தெரிகிறது. சரக்கு வண்டி போனால் மற்றப் பள்ளிகளில் கதவைச் சாத்துவர்; இங்கே ஆசிரியை குழந்தைகளை எண்ணச் சொல்லுகிறார். '58 பெட்டிகள் போயின, அவற்றுள் 19 பெட்டிகளில் நிலக்கரி இறக்கியாயிற்று, இன்னும் எத்தனை?' என்று கேட்டால், விடை சொல்ல நம் குடியிருப்புப் பிள்ளைகளே முந்துகின்றனர். தகப்பன்மார் நாள் முழுதும் செய்கின்ற வேலை ஒரு கணக்காகக் கரும்பலகையில் ஏறும்போது அப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இனி விழாக்களுக்கு வருவோம். ஆகஸ்டு 15-ஆம் நாள் நமக்கெல்லாம் விடுதலை நாள். கத்தோலிக்கருக்கு அதுவே மரியன்னை விண்ணேற்பு அடைந்த திருநாளும் ஆகும். ஆகவே கோயிலில் திருப்பலி, முற்றத்தில் கொடியேற்றம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே இனிப்புப் பொட்டலம். செப்டம்பர் 8 அன்னையின் பிறந்த நாள். நம் சங்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது வேளாங்கண்ணித் திருவிழா. விடுப்புக் கிடைத்தவர் நாகப்பட்டினம் நோக்கிப் பயணமாவர். கிடைக்காதவர் இங்குள்ள கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவர். பின்னர்த் துர்க்கா பூசை விடுமுறை. அது நீண்ட விடுமுறை. வங்காளத்தில் அதைக் குறைக்க எவராலும் இயலாது.

டிசம்பர் மாதம் பிறந்தால் பள்ளியே வேறு கோலம் கொள்ளுகிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் காத்திருக்கும் காலம். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றப்படும். மூன்று ஊதா நிறம், ஒன்று ரோசா நிறம். கைவேலை வகுப்பில் காகித விண்மீன்கள் செய்கின்றனர். குடில் அமைக்கும் வேலை மூத்த பிள்ளைகளுடையது. இக்குடில் வழக்கம் 1223-ஆம் ஆண்டில் இத்தாலியில் கிரேச்சியோ என்னும் ஊரில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் செய்த ஏற்பாட்டினால் பரவியது. எழுதப் படிக்கத் தெரியாத ஊர் மக்களுக்கு அந்த இரவைக் கண்முன் காட்ட வேண்டி, உயிருள்ள எருதையும் கழுதையையும் கொணர்ந்து நிறுத்தினார் என்பர். இங்கே உயிருள்ள எருது இல்லை. மண்ணாற் செய்ததே உண்டு.

குடிலில் தீவனத் தொட்டி வெறுமையாக வைக்கப்படுகிறது. ஒரு நற்செயல் செய்த குழந்தை ஒரு வைக்கோலை எடுத்து அதில் இடலாம். பண்டிகைக்குள் படுக்கை மெத்தென்று ஆகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நம் குழந்தை ஒருவன் ஒரே நாளில் பன்னிரண்டு வைக்கோல் இட்டான். சகோதரியார் வியந்து வினவியபோது, 'தம்பியைப் பன்னிரண்டு முறை அடிக்காமல் விட்டேன்' என்றானாம். சகோதரியார் அவற்றை ஏற்றுக்கொண்டார். யாமாக இருந்தால் ஆறுக்கு மேல் அனுமதித்திருக்க மாட்டோம்.

மாசி, பங்குனியில் தவக்காலம் வரும். திருநீற்றுப் புதனன்று, சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலைக் கத்தோலிக்கக் குழந்தைகள் நெற்றியில் இட்டுக்கொண்டு வருகின்றனர். அதைக் கண்ட நம் வீட்டு மூதாட்டி ஒருவர், 'பரவாயில்லையே, இந்தப் பள்ளியில் திருநீறு பூசுகிறார்களே' என்று மகிழ்ந்தார். விளக்கம் சொல்லி அவர் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டோம். அந்த நாற்பது நாளும் வகுப்பில் ஓர் உண்டியல் இருக்கும். மிட்டாய்க்கு வைத்த காசில் ஒரு பகுதியை அதில் இடுகின்றனர்; தொகை ஏழைகளுக்குச் செல்கிறது. இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொது.

இவ்வளவு நேரம் மகிழ்ச்சியாகப் பேசினோம். நம் சங்கத்தில் சென்ற டிசம்பரில் எழுந்த சச்சரவைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் வீட்டுப் பெண் குழந்தை ஒன்று வானதூதராக நடிக்கத் தெரிந்தெடுக்கப்பட்டது. மற்றொரு வீட்டார் தம் நவராத்திரிக் கொலுவிலிருந்து மண் பசுவையும் கன்றையும் குடிலுக்கு இரவல் தந்தனர். இவ்விரண்டும் தகாதன என்று பெரியவர் சிலர் வருந்தினர். அவர்கள் வருத்தத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்கிறவனுக்குத் தன் வழக்கம் கைநழுவிப் போகுமோ என்னும் அச்சம் இயல்பானது.

எனினும் உண்மை நிலையைப் பார்ப்போம். ஞானோபதேச வகுப்பு கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு மட்டுமே தனி அறையில் நடைபெறுகிறது. அவ்வேளையில் மற்றவர்களுக்கு நன்னெறிப் பாடம். நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவும் இதனையே வேண்டுகிறது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளியில், சிறு குழந்தையைப் பெற்றோர் இசைவின்றிச் சமய போதனைக்கு உட்படுத்த இயலாது. நாடகத்துக்கும் சகோதரியார் வீட்டுக்குச் சீட்டு அனுப்பி இசைவு கேட்ட பின்னரே குழந்தையைச் சேர்த்தார். விருப்பமில்லாதவர் மறுத்தனர், மறுத்தவர் குழந்தைக்கு ஒரு குறையும் நேரவில்லை. அன்றியும், மணிமேகலை பௌத்தருடையது, சிந்தாமணி சமணருடையது, சீறாப்புராணம் இசுலாமியருடையது என்று நம் தமிழ் எதையேனும் வாசலில் நிறுத்தி வைத்ததுண்டா? புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த துறவி. 1732-இல் சதுரகராதியை முடித்து, அகராதித் துறைக்கு வழிகாட்டியவரும் அவரே. கொலுப் பசு குடிலில் நின்றதனால் அதற்கு என்ன குறை வந்தது? தை மாதம் முழு உருவத்தோடு வீடு திரும்பியது. கன்றின் காது மட்டும் சற்றுச் சிதைந்தது.

நம்முடைய உண்மையான கவலை வேறிடத்தில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் அறுவடைத் திருநாள்களைப் பற்றிய பாடம் நடந்ததாம். வங்காளக் குழந்தை எழுந்து பௌஷ சங்கராந்தியில் வீட்டில் செய்யும் பிட்டேயைப் பற்றிச் சொன்னது. சந்தால் குழந்தை சொஹராய் விழாவில் மாடுகளுக்குச் செய்யும் சிறப்பைச் சொன்னது. நம் குழந்தையிடம் பொங்கல் என்றால் என்ன என்று ஆசிரியை கேட்டார். 'அது காலைச் சிற்றுண்டி. சட்னியோடு உண்பது' என்று விடை வந்தது! எவர் வீட்டுக் குழந்தை என்று சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய நம் எல்லார் வீட்டுக் குழந்தையும் அதையே சொல்லியிருக்கும். கிறிஸ்துமஸ் விண்மீன் ஏன், சாம்பல் எதிலிருந்து, மெழுகுவத்தி எத்தனை என்று அக்குழந்தைக்குத் தெரியும். ஏனெனில் அவற்றை ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். புதுப்பானை ஏன், மஞ்சட்கொத்து ஏன் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியவர் யார்? சகோதரியாரா?

ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் படித்துக் காட்டுகிறோம். தொலைபேசி வந்த பின்னர் அக்கடிதமும் அரிதாயிற்று. குழந்தை ஆங்கிலம் எழுதுகிறது, வங்காளம் எழுதுகிறது, இந்தி எழுதுகிறது. தமிழை வாயால் மட்டும் பேசுகிறது. அதுவும் உணவு கேட்கும் அளவுக்கு. 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அரசியல் சட்டத்தில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழி வழிக் கல்விக்குரிய வசதியை ஏற்படுத்த மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. அது அரசுக்கு இட்ட பணி. கன்னியர் பள்ளியை அதைக் காட்டி நெருக்குவது நேர்மையன்று. தில்லியில் வாழும் தமிழர் தமிழ்க் கல்விக் கழகம் அமைத்து ஏழு பள்ளிகள் நடத்தி வருகின்றனர். அத்தகைய ஆள்பலமும் பொருட்பலமும் நமக்கு இல்லை. நம்மால் இயன்றது சிறிது. அதையாவது செய்வோமா என்பதே கேள்வி.

செய்ய இயலும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. எண்ணுதல் பாடத்துக்குக் கதை ஒன்று வேண்டும் என்று ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் கேட்டார். நம் தாய்மார் ஒருவர் எழுந்து, தமக்குத் தெரிந்த இந்தியில் பரமார்த்த குருவின் கதையைச் சொன்னார். குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியதும் ஒரு சீடன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஐந்துதான் வருகிறது. எத்தனை முறை எண்ணினும் ஐந்தே. ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று ஒப்பாரி வைக்கின்றனர். மறுவாரம் ஆசிரியை ஆறு குழந்தைகளை நிறுத்தி அதை நடிக்கச் செய்தார். வங்காளக் குழந்தையும் சந்தால் குழந்தையும் வயிறு குலுங்கச் சிரித்தனர். இன்றும் அவ்வகுப்பில் எவரேனும் எண்ணிக்கையில் தவறினால், 'உன்னை எண்ணினாயா?' என்று மற்றவர் கேட்கின்றனர். அக்கதையைத் தமிழில் எழுதியவர் முன்சொன்ன வீரமாமுனிவரே என்று யாம் பின்னர்ச் சகோதரியாரிடம் தெரிவித்தபோது அவர் பெரிதும் வியந்தார். தம் சபையைச் சேர்ந்த ஒரு துறவியின் கதையைத் தமிழ்த் தாய் ஒருத்தி தம் பள்ளிக்குக் கொணர்ந்து தர வேண்டியிருந்ததே என்றார்.

அன்றே அவரிடம் ஒரு வேண்டுகோளும் வைத்தோம். சனிக்கிழமை பிற்பகலில் ஓர் அறை கிடைத்தால் சங்கம் தமிழ் வகுப்பு நடத்தும் என்றோம். அறையும் கரும்பலகையும் தருகிறோம், ஆசிரியரும் பாடநூலும் உங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். சனவரியில் ஒருநாள் முற்றத்தில் பொங்கல் வைக்கவும் இசைந்துள்ளார். அடுப்புக்குச் செங்கல் மூன்று கேட்டார். வகுப்பு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. கட்டணம் இல்லை. உப்புத்தாளில் உயிரெழுத்து பன்னிரண்டையும் வெட்டி ஒட்டும் வேலையைப் பணிமனை நண்பர் இருவர் ஏற்றுக்கொண்டனர்; மெய்யெழுத்து பதினெட்டுக்கு இன்னும் ஆள் வேண்டும். சனிக்கிழமையில் முறைவேலை இல்லாதவர் எவர், எந்த வாரம் வர இயலும் என்பதை அறிந்தால் அட்டவணை போட்டுவிடலாம். அது எமக்குப் பழகிய வேலை. வாயிலில் செயலாளரிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. வீட்டுக்குச் செல்லுமுன் குழந்தையின் பெயரையும், அதற்கு எதிரே உங்கள் பெயரையும் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.