வெற்றிலை வட்டாவும் லேசர் ஒளியும்



விழா மேடையில் புற்றுநோய்ப் பேச்சா என்று நினைப்பீர்கள். நம் வாவிக்கரை வீடுகளில் வந்தவருக்கு முதலில் நீட்டுவது வெற்றிலை வட்டா. அந்த வட்டாவின் முன் இருந்துதான் என் அம்மம்மா எனக்குக் கதை சொன்னார். அவர் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. "சுண்ணாம்பு சுட்டது" என்றார், நாங்களும் நம்பினோம். வாய் திறக்க முடியாமற்போன பிறகே வைத்தியரிடம் கொண்டுபோனோம். அதற்குள் நோய் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. பெண்களும் தப்பவில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கை உறுதிப்படுத்தியது.

இனி லேசர். இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் 1964 இல் அமெரிக்காவில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கினார். 1970களில் பொஸ்டன் வைத்தியர்கள் அதைக் குரல்வளைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். நம் இழையங்களில் பெரும்பகுதி நீர். இந்த ஒளியை நீர் உடனே உறிஞ்சுவதால், பட்ட இடம் மட்டும் ஆவியாகும். சிறு இரத்தக் குழாய்களும் அப்போதே மூடிக்கொள்ளும். ஆகவே இரத்தப்போக்கு குறைவு. கழுத்தை வெட்டித் திறக்காமல் வாய் வழியாகவே ஆரம்பநிலைக் குரல்வளைப் புற்றை அகற்றலாம். பலருக்குக் குரலும் மிஞ்சும். வாயிலுள்ள படலத்தையும் இழைய மாதிரி எடுத்துப் பரிசோதித்த பின் இப்படி அகற்றலாம்.

ஆனால் லேசர் மந்திரக்கோல் அல்ல. தாடை எலும்பில் ஊடுருவிய புற்றுக்கும், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோய்க்கும் பெரிய சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் வேண்டிவரும். படலத்தை அகற்றிய பிறகும் வெற்றிலை போட்டால் அது திரும்பவும் வரலாம். சின்னதாக இருக்கும்போது வருபவருக்கே இந்த ஒளி கைகொடுக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அம்மாவுடன் வீடியோவில் பேசும்போது, "அம்மா, வாயைத் திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, மாறாத குரலடைப்பு, வாய் திறக்கச் சிரமம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் அனுப்புங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அம்மம்மாவுக்கும் தொடக்கத்தில் வலி இருக்கவில்லை.

அவரிடம் நான் கேட்காத கேள்வியை நீங்கள் உங்கள் தாயிடம் கேளுங்கள்.