புல் மருந்தில் வேகம் மட்டும் போதுமா?



ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மருந்தடிக்கும் வேலை புதிதல்ல. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். அது ஒரு மிடறு உள்ளே போனாலும் நுரையீரலைச் சிதைத்துவிடும். அதை முறிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மலேசியா 2002-இல் அதைத் தடை செய்தது. 2006-இல் தடை விலக்கப்பட்டது. பின்னர் 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை வந்தது.

அப்படியானால் வீட்டுத் தோட்டத்துக்கு எதை வாங்குவது? கடைக்குப் போகும் முன், புல்லின் உயிர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாராகுவாட் பட்ட இலை ஓரிரு நாளில் கருகும், வேர் சாகாது. லாலான் புல்லின் உயிர் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலும், கோரையின் உயிர் கிழங்கிலும் இருக்கிறது. அதனால்தான் கருகிய இடத்திலேயே அவை மீண்டும் தலைகாட்டின; மறுபடியும் மறுபடியும் மருந்தடிக்க வேண்டி வந்தது.

கிளைபோசேட் இலை வழியாக வேர்வரை இறங்கும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். பச்சை இலையில், மழையும் காற்றும் இல்லாத நேரத்தில் அடிக்க வேண்டும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2015-இல் அதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தியது. வேறு சில அரசு அமைப்புகள் இதை ஏற்கவில்லை. எப்படியானாலும் கையுறை, காலணி, முகக்கவசம் அவசியம். லேபிளில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.

சமையல் வினிகரும் கொதிநீரும் இளங்களைகளுக்குப் போதும். வேரூன்றிய லாலானுக்குப் போதா. உப்பு போட்டால் மண்ணே கெட்டுவிடும். சிறிய தோட்டத்துக்கு இன்னொரு வழி உண்டு. புல்லை ஒட்ட வெட்டி, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இடைவெளியின்றி விரித்து, மேலே காய்ந்த இலைகளைக் கனமாகப் போடுங்கள். வெளிச்சம் கிடைக்காத புல் மெல்ல வலுவிழக்கும். விளிம்பில் எட்டிப் பார்ப்பதைத் தோண்டி எடுங்கள். சில மாதப் பொறுமை வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டின் பின்புறம் பழைய பாராகுவாட் மிச்சம் இருக்கிறதா? அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால், தாகத்தில் வரும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கால்வாயிலும் கொட்டாதீர்கள். பூட்டி வைத்துவிட்டு, விவசாய இலாகாவிடம் கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

புல் மறுபடி முளைக்கும், வெட்டிக்கொள்ளலாம். போன உயிர் திரும்பாது.