சேற்றில் உறங்கும் தாது



வேல மரங்கள் அடர்ந்திருந்த காடே வேற்காடாயிற்று என்பர். இங்குள்ள வேதபுரீசுவரர் கோயிலின் தலமரமும் வெள்வேலமே. காடு போயிற்று, பெயர் நின்றது. ஊர்ப்பெயரைப் போலவே மண்ணும் பழைய காட்டை நினைவில் வைத்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

சங்கப் புலவர் தாது என்றதையே நாம் மகரந்தம் என்கிறோம். அந்நுண்துகளின் புறத்தோல் கடும் அமிலத்துக்கும் கரையாதது. சதுப்பில் விழுந்து காற்றுப் புகாத சேற்றில் புதையுண்டால், பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது கிடக்கும். ஆய்வாளர் அச்சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, மண்ணை அமிலத்தால் கரைத்து, எஞ்சிய துகள்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவர். வடிவமும் துளையும் இன்ன செடியினம் என்று காட்டிவிடும். புல்லின் தாது மட்டும் சற்றே அடம்பிடிக்கும். உருண்டை, ஒற்றைத் துளை, புல் என்று தெரியும், எந்தப் புல் என்பது எளிதில் தெரியாது.

நீலகிரியில் இத்தகைய சதுப்புகள் உண்டு. அங்கே சோலைகள் பள்ளங்களில் ஒதுங்கி நிற்க, மேடெல்லாம் புல்வெளி. மனிதர் வெட்டியும் தீயிட்டும் அழித்த காட்டின் எச்சமே அது என்று ஒரு சாரார் நெடுங்காலம் வாதிட்டனர். சாண்டிநல்லாப் பகுதிப் படிவுகளை ஆராய்ந்து ஜி. வசந்தி 1988இல் வெளியிட்ட கட்டுரை, பனியூழிக் காலத்திலேயே அங்குப் புல்வெளி பரந்திருந்ததைக் காட்டிற்று. 1993இல் சுகுமார் முதலானோர் 'நேச்சர்' இதழில், மட்கிய படிவிலுள்ள கரிம அணுக்களின் எடை வேறுபாட்டைக் கொண்டு 20,000 ஆண்டு வரலாற்றைத் தந்தனர். தாது சொல்லத் தயங்கியதை இவ்வணுக்கள் சொல்லின. வடபுலம் பனியில் உறைந்திருந்த நாளில் இங்கே பருவமழை குன்றியது. வறட்சி தாங்கும் புல்லினம் ஓங்கியது. பின் மழை பெருகவே, ஈரம் விரும்பும் செடிகொடிகள் மீண்டன.

இதையறியாது அம்மேடுகளைத் தரிசு என்றோம். ஆங்கிலேயர் தொடங்கிய தைலமர, சீகை நடவு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. தோதவரின் எருமைகள் மேய்ந்த நிலம் சுருங்கிற்று. சீகை நம் வேலத்துக்குக் குலமுறையில் உறவு என்பது ஒரு வேடிக்கை.

பிறரைச் சொல்வானேன்? குறிஞ்சி என்றால் மரமடர்ந்த மலை என்றே நானும் பல்லாண்டு கற்பித்தேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களை ஒப்பிக்கச் செய்த நான், நீலக்குறிஞ்சி பூப்பது அப்புல்வெளிச் சரிவுகளில்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த முறை மாணவியரை உதகைக்கு அழைத்துச் செல்கையில், பூங்காவுக்கு முன் ஒரு சதுப்பின் கரையில் அவர்களை நிறுத்தப் போகிறேன்.