உறைந்த ஏரியே அரங்கம்



அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், குளிர்காலம் மக்களை வீட்டுக்குள் அடைத்துவிடுவதில்லை. மெண்டோட்டா ஏரி உறைந்ததும் அதுவே ஊர்ப் பொதுவெளியாகிறது. பனியில் துளையிட்டுத் தூண்டில் போடுவோரும் சறுக்கி விளையாடுவோரும் அங்கே கூடுகின்றனர். 1979 பிப்ரவரியில் பல்கலைக்கழக மாணவர்கள் அப்பனிப்பரப்பின்மேல் சுதந்திரதேவி சிலையின் தலையையும் தீப்பந்தத்தையும் அமைத்தனர். எஞ்சிய உடல் ஏரிக்குள் மூழ்கிக் கிடப்பதாகத் தோற்றம். மறுமாதமே அது தீக்கிரையாயிற்று. 1980-இல் மீண்டும் எழுப்பினர்.

எரிந்த கலையை மறுபடி படைக்கலாம். அரங்கமே கரைந்தால்? 1880-81 குளிர்காலத்தில் 161 நாள் உறைந்திருந்த அவ்வேரி, 2001-02-இல் 21 நாளே உறைந்திருந்தது. கூடுவதற்கு ஓர் இடம் உள்ளவரைதான் கலை ஊருக்கு உரியது. பத்தாண்டுகளாகக் கூடிவரும் நமக்கு அவ்விழப்பின் அளவு புரியும்.