சந்தாப் புத்தகமும் வாசற்படியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் துணைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் வாசித்து முடித்து விட்டார்கள். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, ஜமாஅத்தின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருக்குவது எவ்வாறு என்பதாகும். புதியவர்களைச் சேர்ப்பதற்கு முன்னால், இருந்தவர்களை நாம் எப்படி இழந்தோம் என்பதைச் சொல்லிவிட்டுத் தலைப்புக்கு வருகிறேன். அந்த இழப்பில் என் கைக்கும் பங்கு உண்டு என்பதால், சொல்ல வேண்டியவனும் நானே.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்தபின் ஓர் இளைஞர் அலுவலகத்திற்கு வந்தார். அவருக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டாரின் ஜமாஅத்தில் நம் ஜமாஅத்தின் கடிதம் கேட்டிருந்தார்கள். நான் சந்தாப் புத்தகத்தைப் புரட்டினேன். அவருடைய தகப்பனாரின் பெயருக்கு நேரே மூன்றாண்டுகளாகக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. "பாக்கியைக் கட்டிவிட்டுக் கடிதம் வாங்கிக் கொள்ளுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பணத்தோடு வந்தார், எண்ணிக் கொடுத்தார், கடிதத்தை வாங்கிக் கொண்டு போனார். பழைய பாக்கி வசூலானதென்று அன்று மாலை நான் பொருளாளரிடம் மகிழ்ச்சியோடு சொன்னதும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு அந்த இளைஞர் நம் பள்ளிவாசலுக்கு வரவேயில்லை. அவர் வராததை நாங்கள் யாரும் கவனிக்கவுமில்லை. சில மாதங்கள் கழித்து அவருடைய தகப்பனாரின் ஜனாஸா அறிவிப்பு வந்தபோது அந்த வீட்டிற்குச் சென்றேன். அங்கேதான் தெரிந்தது, அவர் மூன்றாண்டுகளாகப் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார் என்று. சந்தா நின்ற மாதமும் அவர் விழுந்த மாதமும் ஒன்றே. வெறுமையாகக் கிடந்த அந்தக் கட்டங்கள் மாதந்தோறும் எங்களுக்குச் செய்தி சொல்லிக் கொண்டுதான் இருந்திருக்கின்றன. அதைக் கடனாக மட்டுமே படிக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாளிலிருந்துதான் என் பயணம் தொடங்கியது. பெரிய பயணம் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பகுதி ஒரு பழைய இருசக்கர வாகனத்தில் நம் குமாரபாளையத்துச் சந்துகளுக்குள்ளேயே நடந்தது. புத்தகத்தில் நின்றுபோன ஒவ்வொரு பெயரையும் தேடிப் புறப்பட்டேன். சில பெயர்கள் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானியில் இருந்தன. சில பள்ளிபாளையத்தில், ஒன்றிரண்டு ஈரோட்டில்.

நம் ஊரில் "பாக்கி" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். விசைத்தறி ஓட்டுபவர் முதலாளியிடம் வாங்கும் முன்பணத்திற்கும் அதுதான் பெயர். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால், புதிய முதலாளி பழைய பாக்கியைத் தீர்த்து ஆளை அழைத்துக் கொள்வார். ஆள் மாறினால் குடியிருப்பும் மாறும். காவிரிக்கு அக்கரையும் போகும். நம் புத்தகத்தில் "முகவரியில் இல்லை" என்று நாம் எழுதிய பலர், இப்படி ஒரு பாக்கியிலிருந்து இன்னொரு பாக்கிக்குப் போனவர்கள். அந்த இளைஞர் என்னிடம் எண்ணிக் கொடுத்த பணமும் புதிய பட்டறையில் வாங்கிய பாக்கிதான் என்று பின்னர் அறிந்தேன். ஜமாஅத்தின் பாக்கியைத் தீர்க்க அவர் இன்னொரு பாக்கியில் போய் விழுந்திருக்கிறார்.

இன்னொன்றும் கண்டேன். நாம் வசூலுக்கு உட்காருவது ஜும்ஆவுக்குப் பின்பு. இரவு ஷிப்ட் முடித்தவர் அப்போது உறக்கத்தில் இருப்பார். பகல் ஷிப்ட்காரர் தொழுகை முடிந்ததும் தறிக்கு ஓடுவார். நம் நேரத்திற்கு அவர்கள் வரவில்லை என்று குறைபட்டோமே தவிர, அவர்கள் நேரத்திற்கு நாம் போனதில்லை. போன வீடுகளில் எல்லாம் கதவைத் திறந்தவர்கள் பெண்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தியது, யார் வெளியூர் போனார் என்று ஒரு தெருவின் முழு விவரமும் அவர்களிடம் இருந்தது. ஆனால் நம் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கணவர் மறைந்தபின் தார் சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றும் சகோதரிகளின் வீடுகள், குடும்பத் தலைவர் இல்லாத காரணத்தால் பட்டியலிலிருந்தே நீங்கிப் போயிருக்கின்றன. உதவி அதிகம் தேவைப்படுகிற வீட்டைத்தான் நாம் முதலில் மறந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகக் கடையநல்லூர் செல்ல நேர்ந்தது. நம்மைப் போலவே நெசவை நம்பி வாழ்ந்த ஊர் அது. நம்முடையது விசைத்தறி, அவர்களுடையது கைத்தறி. அந்த ஊரிலிருந்து சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் பலர் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். ஆண்கள் தனியே போய்ப் பணம் அனுப்புவது அக்கால வழக்கம். கடையநல்லூர்க்காரர்களோ குடும்பத்தோடு போய்க் குடியேறியவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் வாழ்ந்து கூலி வேலை பார்த்த அந்த மக்கள், 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானியர் ஆட்சி வந்தது. அந்தத் துன்பம் தீர்ந்த மறுவருடம், 1946-இல், சங்கம் செய்த காரியம் என்ன தெரியுமா? தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது. 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் மாணவர் குறைந்து பள்ளி மூடப்பட்ட போதிலும், அந்நாட்டின் கல்வி அமைச்சு நடத்தும் தமிழ்மொழி நிலையம் இன்றும் உமறுப் புலவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர்கள் செல்வந்தர்கள் அல்லர். போர் முடிந்த மறு ஆண்டு, அரிசிக்கே தட்டுப்பாடான காலம். அப்படிப்பட்ட நேரத்தில் கூலித் தொழிலாளி ஒரு சங்கத்திற்குச் சந்தா கொடுக்கிறான் என்றால், தன் பிள்ளை உட்காரும் பலகையை அந்தச் சங்கத்தில் அவன் கண்ணால் பார்க்கிறான் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதே சிங்கப்பூரிலிருந்து இன்னொரு செய்தி. 1975-இல் அங்கே பள்ளிவாசல் கட்டட நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. வேலை பார்க்கும் முஸ்லிம்களின் சம்பளத்திலிருந்து, சேமநிதியின் வழியாக மாதம் 50 காசு பிடித்தம். விருப்பமில்லாதவர் விலகிக் கொள்ளலாம். அந்த ஐம்பது காசுகள் சேர்ந்து, 1977-இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. அதன்பின் வரிசையாகப் பல. இதைக் கேட்ட நம் இளைஞர்கள் சிலர், நாமும் வாசலில் க்யூஆர் அட்டை வைத்துவிட்டால் வசூல் தானாக நடந்துவிடுமே என்றார்கள். அட்டை வைக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பணம் தானாக வந்துவிட்டால் யாரும் யார் வீட்டிற்கும் போக வேண்டியதில்லை. பக்கவாதத்தில் கிடக்கிறவரின் வீட்டுத் திண்ணையைக் கைப்பேசி எட்டிப் பார்க்காது. நமக்கு அந்தப் பணத்தைவிட, அதை வாங்கப் போகும் நடை பெரிது என்பது என் எண்ணம்.

இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது, இங்கிலாந்து நாட்டு நெசவாளர்களின் வரலாற்றைப் படித்தபோது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர்கள் "லாட்ஜ்" என்ற பெயரில் சகோதர சங்கங்கள் நடத்தினார்கள். நம்மூரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்தருகே அறை வாடகைக்கு விடும் இடம். அங்கே அது சங்கத்தின் கிளை. 1810-இல் மான்செஸ்டரில் உருவான ஆட்ஃபெல்லோஸ் சங்கம் அவற்றுள் புகழ் பெற்றது. உறுப்பினர் சிறு தொகை செலுத்தி வருவார். நோயில் படுத்தால் சங்கம் உதவித்தொகை தரும். இறந்தால் அடக்கச் செலவைத் தரும். நோயாளியின் வீட்டிற்குப் போய்ப் பார்த்து வருவதற்கென்றே பொறுப்பாளர்கள் இருந்தார்கள். உண்மையில் நோயா, நடிப்பா என்று பார்த்து வருவதும் அவர்களுடைய வேலைதான். மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தாமே! எப்படியாயினும், படுத்தவரின் வாசலுக்கு ஒருவர் வந்தார்.

ராச்டேல் என்ற நெசவாளர் ஊரில் 28 பேர் சேர்ந்து 1844 டிசம்பர் 21 அன்று ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் தம் முன்னோடியாகச் சொல்வது அந்தக் கடையைத்தான். ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு. அதை ஒரே தவணையில் கட்ட அவர்களிடம் பணமில்லை. வாரம் இரண்டு பென்ஸ், பிறகு மூன்று பென்ஸ் என்று சேர்த்தார்கள். எப்படிச் சேர்த்தார்கள்? ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரை நியமித்து, ஞாயிறுதோறும் உறுப்பினர் வீட்டிற்கே சென்று வாங்கினார்கள். உறுப்பினர் வீட்டில் இருக்கும் நாளே வசூல் நாளாயிற்று.

அந்த லாட்ஜுகளின் பிற்காலக் கதையும் நமக்கு வேண்டும். 1948-இல் அந்நாட்டு அரசே எல்லாருக்கும் மருத்துவமும் காப்பீடும் தரத் தொடங்கியது. உதவித்தொகைக்காகச் சேர்ந்திருந்தவர்களுக்கு லாட்ஜின் தேவை குறைந்தது. உறுப்பினர் எண்ணிக்கை சரியலாயிற்று. நம் நிலையும் அதுவே என்று நான் அஞ்சுகிறேன். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தவரின் திருமணமும் அரசிடம் பதியப்பட வேண்டும். விசாவுக்கு அரசுச் சான்றிதழையே கேட்கிறார்கள். நம் தப்தரின் மரியாதை குறையாது, குறையவும் கூடாது. ஆனால் "கடிதம் தர மாட்டோம்" என்ற ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞனை ஜமாஅத்தோடு கட்டி வைக்க இனி இயலாது. அவனுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவன் போய்விடுவான், போய்க் கொண்டும் இருக்கிறான்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் நான் வைத்து, அவர்கள் இசைவோடு உங்கள் முன் வைக்கும் தீர்மானம் இது. நிக்காஹ் கடிதத்தையும், ஜனாஸாவுக்கான சந்தூக், கபரஸ்தான் வசதிகளையும் சந்தா பாக்கியோடு இனி இணைக்கக் கூடாது. கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும். புத்தகத்தை அந்த நேரத்தில் திறக்கவே கூடாது.

குழுவில் இதற்கு எதிர்ப்பு எழுந்ததை மறைக்க மாட்டேன். எதிர்த்தவர்கள் சொன்னது நியாயமற்றதும் அன்று. இமாம், முஅத்தின் சம்பளம், மதரஸா உஸ்தாதின் சம்பளம், மின் கட்டணம் எல்லாம் இந்தச் சந்தாவிலிருந்தே போகின்றன. நெருக்கடியிலும் ஒரு மாதம் தவறாமல் கட்டியவர், கட்டாதவருக்கும் அதே மரியாதையா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? முழுமையான விடை என்னிடம் இல்லை. வசதி இருந்தும் கொடுக்காதவர் யார், இல்லாமல் கொடுக்காதவர் யார் என்பது அவர் வீட்டிற்குப் போனவருக்கே தெரியும் என்பது மட்டும் தெரிகிறது. முன்னவரிடம் வாசலில் நின்று கேட்போம், நான்கு முறையானாலும் கேட்போம். பின்னவரிடம் கேட்பதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறீர்களா? மாவட்டந்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தில் விண்ணப்பித்தீர்களா? பக்கவாதத்தில் கிடந்த அந்தப் பெரியவருக்கு இவற்றில் ஒன்றையாவது நாம் சொல்லியிருக்கலாம்.

தெருவுக்கு இருவர் வீதம் பொறுப்பேற்க ஆள் வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாதம் ஒரு முறை, வாரக் கூலி கைக்கு வந்த மறுநாள், அந்த வீட்டு ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில் போக வேண்டும். காசு கிடைத்தால் இரசீது. கிடைக்காவிட்டால் ஸலாம் சொல்லி நலம் விசாரித்து வர வேண்டும். புதிய பதிவேட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். ஆண், பெண் இரு பெயரும் இருக்கும்.

நான் முதலில் சொன்ன வீட்டிற்கு, அந்தத் தாயார் இத்தா முடித்த பின்பு, என் மனைவியோடு போயிருந்தேன். மகன் இரவு ஷிப்ட் முடித்து உறங்கிக் கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாமென்று சொல்லிவிட்டேன். தேநீர் கொடுத்தார்கள். புறப்படும் போது அந்த அம்மையார் கேட்டது இதுதான்: "அவங்க பேர நோட்டுல இருந்து அடிச்சிட்டீங்களாண்ணே?" இல்லை என்றேன். அந்தப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே இப்போது அந்த அம்மையாரின் பெயரையும் எழுதியிருக்கிறேன். மகன் இன்னும் வரவில்லை. அடுத்த மாதமும் போவேன், இன்ஷா அல்லாஹ்.

புதிய பதிவேடு வாசலருகே மேசையின் மேல் இருக்கிறது. போகும்போது உங்கள் தெருவின் பக்கத்தைப் பார்த்து, விட்டுப்போன வீடு எதுவென்று அங்கிருக்கும் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகுமாறு கேட்டுக் கொள்கிறேன்.