ஒரு ஷூ விளம்பரமும் நம்ம மீம் ஃபோல்டரும்

(ஞாயிற்றுக்கிழமை நடந்த மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் கேட்டதால் பதிவிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘தவறான விளம்பரங்களுக்கு எதிர்வினை ஆற்றுவது எப்படி’. நான் மெக்கானிக்கல் முடிச்சவன், மேடைப்பேச்செல்லாம் வராது. அதனால ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்து, ஸ்பேனர் போட்டுக் கழட்டிப் பார்க்கிற மாதிரி பேசிட்டுப் போயிடறேன்.

2008, அமெரிக்கா. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய மாதங்கள். நைக்கி நிறுவனம் ஹைப்பர்டங்க் என்று ஒரு கூடைப்பந்து ஷூவை இறக்கியது. அந்த ஷூவில் உண்மையிலேயே ஒரு விஷயம் இருந்தது. ஃப்ளைவயர் என்று பேர். தொங்கு பாலத்தைக் கம்பி வடங்கள் தாங்குற மாதிரி, மெல்லிய உறுதியான இழைகள் காலை இழுத்துப் பிடிக்கும். கனமான தோலும் துணியும் தேவையில்லை, எடை குறையும். எங்க டிசைன் வகுப்பில் இதை வச்சே ஒரு மணி நேரம் பேசலாம். சரி, அது வேற கதை.

இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வச்சுக்கிட்டு அவங்க போட்ட விளம்பரம் என்ன தெரியுமா? கூடைப்பந்தில் ‘டங்க்’ என்றால், எதிராளியின் தலைக்கு மேல எழும்பி வளையத்துக்குள்ள பந்தைத் திணிக்கிறது. அந்தப் படத்தில் ஒருத்தர் அப்படி எழும்புறார். கீழே தடுக்க நின்றவரின் முகம், எழும்பினவரின் இடுப்புக்குக் கீழே, கால்களுக்கு நடுவில் மாட்டிக்கிட்டு நிக்குது. மேலே பெரிய எழுத்தில், ‘தட் எய்ன்ட் ரைட்’. நம்ம ஊர் பாஷையில், ‘ச்சீ, இது சரியில்லப்பா’.

படத்தில் கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லை. தன்பாலீர்ப்பாளர் என்ற சொல்லே கிடையாது. அப்ப எங்கே தப்பு என்று கேட்கலாம். நைக்கியும் முதலில் அதைத்தான் சொன்னது: இது ஆட்டத்துக்குள்ள இருக்கிற அனுபவம், யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று.

கொஞ்சம் கழட்டிப் பாருங்க. ஒருத்தர் நம்ம தலைக்கு மேல டங்க் அடிச்சுட்டா அது அவமானம்தான். அந்தப் போட்டோ போஸ்டரா சுவரில் ஏறும், தோத்தவன் மூஞ்சியோட. ஆட்டத்தில் தோத்த வெட்கம் அது. அதை வச்சு யார் வேணும்னாலும் கிண்டல் பண்ணலாம், தப்பே இல்லை. ஆனா இந்த விளம்பரம் அந்த வெட்கத்தைக் கழட்டி வச்சுட்டு, அந்த இடத்தில் வேறொரு வெட்கத்தை மாட்டுச்சு. இன்னொரு ஆணின் உடம்பு இவ்வளவு கிட்ட வந்துட்டதே என்கிற அருவருப்பு. அந்த அருவருப்பு பார்க்கிறவன் மனசில் ஏற்கெனவே இருந்தால்தான் ஜோக் வேலை செய்யும். இல்லாதவனுக்கு அது வெறும் டங்க் படம். அதாவது, விளம்பரம் வாயைத் திறந்து எதையும் சொல்லலை. நம்மளைச் சொல்ல வச்சுது.

அந்தக் காலத்தையும் யோசிக்கணும். அதற்கு முந்தைய வருஷம், 2007 பிப்ரவரியில், ஓய்வு பெற்ற என்.பி.ஏ. வீரர் ஜான் அமேச்சி தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே டிம் ஹார்டவே என்ற முன்னாள் நட்சத்திரம் வானொலியில், தனக்கு அப்படிப்பட்டவங்களையே பிடிக்காது, வெறுப்பு என்று பேசினார். ஆல் ஸ்டார் வார நிகழ்ச்சிகளில் இருந்து என்.பி.ஏ. அவரை விலக்கியது. 2008-ல், களத்தில் ஆடிக்கிட்டிருந்த என்.பி.ஏ. வீரர்களில் ஒருத்தர்கூட அதை வெளியில் சொன்னதில்லை. அப்படி ஒரு லாக்கர் ரூமில் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பையன், தன் காலில் போடுற ஷூவின் விளம்பரத்திலேயே ‘ச்சீ’ என்று வாசிக்கிறான்.

எதிர்ப்பு கிளம்பியது. வலைப்பதிவு எழுதுறவங்க கேட்டாங்க, ஊடகங்கள் கேட்டன. இன்னொண்ணும் கவனிங்க: தன்பாலீர்ப்பாளர் ஊழியர்களை நடத்தும் விதத்துக்காக ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் அமைப்பிடம் முழு மதிப்பெண் வாங்கிவந்த நிறுவனம் அது. உள்ளே கொள்கை சுத்தம், வெளியே விளம்பரம் இப்படி. கேட்டவங்க இந்த இடைவெளியில்தான் கையை வச்சாங்க. 2008 ஜூலையில் நைக்கி அந்த விளம்பரங்களை நிறுத்தியது.

இப்ப நமக்கான பாடத்துக்கு வரேன். எதிர்வினை என்றதும் நம்ம கை எங்கே போகுது? ஹேஷ்டேக். ‘புறக்கணிப்போம்’. அந்தப் படத்தையே பத்தாயிரம் பேருக்கு ஷேர் பண்ணி, அவனுக்கு ஓசி விளம்பரம். அப்புறம் அதில் நடிச்சவனைத் தேடிப் போய்த் திட்டுறது. இதெல்லாம் நம்ம கோபத்துக்குத் தீனி, அவ்வளவுதான். செய்ய வேண்டியது சின்ன வேலை. படத்தில் என்ன இருக்கு, அது யாரை என்ன சொல்லுது, நீ உன் நிறுவனத்தைப் பற்றி எழுதி வச்சிருக்கிறது என்ன, இரண்டும் எங்கே இடிக்குது, உன்னிடம் நாங்க கேட்கிறது என்ன. ஒரு பக்கத்துக்குள்ள எழுதலாம். இந்தியாவில் அதை அனுப்ப இடமும் இருக்கு. மும்பையில் ஏ.எஸ்.சி.ஐ. என்ற விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 1985-லிருந்து இருக்கு. பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ இழிவு செய்யக் கூடாது என்பதை 2022-ல் தன் விதிகளில் சேர்த்தது. இணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

ஒரு தோழர் முன்னாடியே கேட்டார், இதே அழுத்தத்தை எதிர்ப்பக்கமும் கொடுப்பாங்களே என்று. கொடுத்தாங்க. 2021-ல் டாபர் நிறுவனம் இரண்டு பெண்கள் சேர்ந்து கர்வா சௌத் நோன்பு இருக்கிற மாதிரி ஒரு விளம்பரம் எடுத்தது. மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் சட்ட நடவடிக்கை என்று எச்சரித்தார், விளம்பரம் போச்சு. இரண்டும் ஒண்ணா? அங்கே அதிகாரத்தில் இருந்தவர் வழக்கைக் காட்டினார். இங்கே வாங்குறவங்களும் பார்க்கிறவங்களும் கேள்வி கேட்டாங்க. அங்கே ஒரு ஜோடி கண்ணில் படவே கூடாது என்றாங்க. இங்கே எங்களை வச்சுச் சிரிக்காதே என்றாங்க. என்னால இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியலை.

நைக்கி பிறகு என்ன ஆச்சு என்றும் சொல்லிடறேன். 2013 ஏப்ரலில் ஜேசன் காலின்ஸ், அந்த சீசனில் ஆடிய என்.பி.ஏ. வீரர், பத்திரிகையில் கட்டுரை எழுதித் தன்னைப் பற்றிச் சொன்னார். அவர் போட்டிருந்த ஜெர்சி எண் 98. 1998-ல் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவரின் நினைவாக, வெளியுலகத்துக்குச் சொல்லாமலே அந்த எண்ணைப் போட்டு ஆடிக்கிட்டிருந்தார். நைக்கி அவருக்கு ஆதரவாக நின்றது. 2016-ல் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ், தன்பாலின உறவில் இருப்பவர்கள் மிருகங்களைவிட மோசம் என்று பேசியதும், அவருடனான ஒப்பந்தத்தை முறித்தது. மனசு மாறுச்சா, வியாபாரக் கணக்கு மாறுச்சா? இரண்டும் கலந்துதான் இருக்கும். நம்ம செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்து நைக்கி ஷூ தைக்கிறாங்க. அந்த நிறுவனத்துக்கு மாலை போடுறதுக்காக நான் இதைச் சொல்லலை.

எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச ஆள் கோபி பிரையன்ட். ஹைப்பர்டங்க் ஷூவைப் போட்டு ஓடுற காரைத் தாண்டுற மாதிரி வந்த வீடியோவில் இருந்தவர் அவர்தான். 2011-ல் ஒரு நடுவரைப் பார்த்துத் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை விட்டார். கேமராவில் மாட்டினார், ஒரு லட்சம் டாலர் அபராதம். 2013-ல் ட்விட்டரில் ஒரு ரசிகர் ‘கே’ என்பதைத் திட்டாகப் பயன்படுத்தியபோது, அதே கோபி, இது நல்லா இல்லை என்று திருத்தினார். நீ சொன்னது மறந்துபோச்சா என்று ஒருத்தர் மடக்கினார். கோபி மழுப்பலை. ஆமா, அது என் அறியாமை, ஒத்துக்கிட்டுக் கத்துக்கிட்டேன், மற்றவங்ககிட்டயும் அதையே எதிர்பார்க்கிறேன் என்ற பொருளில் பதில் போட்டார்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நானும் ஒண்ணை ஒத்துக்க வேண்டியிருக்கு.

மாற்றுக் கட்சித் தலைவர்கள் இரண்டு பேர் கூட்டணி பேசிட்டுக் கட்டிப்பிடிச்சு நின்ன போட்டோ ஒண்ணு வந்தது. ராத்திரி பதினொரு மணி. பின்னணியில் கல்யாண மேடை, கழுத்தில் மாலை, மேலே முதலிரவு வசனம். இருபது நிமிஷத்தில் முடிச்சுட்டேன். எந்த வசைச்சொல்லும் இல்லை. தீயாப் பரவுச்சு. மாவட்டப் பொறுப்பாளர் ‘சூப்பர் தம்பி’ என்றார்.

மறுநாள் நம்ம குழுவில் போஸ்டர் டிசைன் பண்ற ஒரு தோழர் எனக்குத் தனியா மெசேஜ் அனுப்பினார். “நல்லா சிரிச்சாங்கண்ணே. எங்க வீட்லயும் அந்த மீமைக் காட்டிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.” அவ்வளவுதான். சாயங்காலம் பார்த்தா குழுவை விட்டு வெளியேறியிருந்தார். தேர்தல் நேரத்தில் விடிய விடிய நம்மளோட உட்கார்ந்து வேலை பார்த்தவர். அவர்கிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன். யாருன்னு தேடாதீங்க.

இதில் என்ன கொடுமைன்னா, எனக்கு அந்த மீம் தேவையே இல்லை. அந்த இரண்டு தலைவர்களும் ஆறு மாசம் முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் என்ன பேசினாங்க என்ற வீடியோ என் லேப்டாப்பிலேயே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தா போதும், பதிலே சொல்லியிருக்க முடியாது. ஃப்ளைவயரைக் கையில் வச்சுக்கிட்டு இடுப்புக்குக் கீழே ஜோக் அடிச்ச கதைதான் இது. எதிராளிக்குச் சேலை, வளையல் அனுப்புறது, ‘ஆம்பளையா இருந்தா வா’ன்னு போஸ்டர் அடிக்கிறது எல்லாம் இதே ரகம்தான். அதில் அடிபடுறது நம்ம குறிவச்ச தலைவர் கிடையாது.

மீமை அழிச்சுட்டேன். ஏன் அழிச்சேன்னும் அதே பக்கத்தில் எழுதினேன். ‘காமெடியைக்கூட விடமாட்டீங்களா’ என்று நம்ம ஆளுங்களே திட்டினாங்க. அந்தத் தோழர் இன்னும் குழுவுக்குத் திரும்பலை. பேசினோம், நல்லாத்தான் பேசினார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் எடிட்டிங் வகுப்பு இருக்கு. எல்லாரும் உங்க போனில் இருக்கிற மீம் டெம்ப்ளேட்டுகளை எடுத்துட்டு வாங்க. ப்ரொஜெக்டரில் ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்க்கலாம். முதல்ல என்னோட ஃபோல்டரைத் திறக்கிறேன்.