நாராயணவனத்து நலங்கும் நமது தோற்றமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

“தோற்றப் பொலிவு” என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தபொழுது, அருகிருந்த சிலர் நம்மை ஏற இறங்கப் பார்த்து முறுவலித்ததை நாம் கவனியாமல் இல்லை. முன்னந்தலையில் மயிர் குறைந்து, வயிறு சற்று முன்வந்து, சம்பளப் பட்டியலுக்கும் முன்பண விண்ணப்பங்களுக்கும் நடுவே காலங்கழிக்கும் ஓர் இரயில்வே எழுத்தருக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று நீங்கள் வினவக்கூடும். படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆயினும் அந்த விண்ணப்பங்களே நம்மை இதுபற்றிச் சிந்திக்க வைத்தன. ‘மகள் திருமணம்’ என்று காரணம் எழுதிச் சேமநிதியிலிருந்து பணம் கேட்டு வருவோர், எழுதுமிடத்தில் துணை வேண்டிச் செலவுக் கணக்கையும் நம்மிடம் காட்டுவதுண்டு. மண்டபம், சாப்பாடு, நகை, சேலை என்று வரிசையாக வரும். கடைசியில் ‘மணப்பெண் அலங்காரம்’ என்று ஒரு தொகை இருக்கும். முன்பெல்லாம் அப்படியொரு வரியே கிடையாது. இப்பொழுது சில வீடுகளில் அது சாப்பாட்டுச் செலவோடு போட்டியிடுகிறது!

நிற்க. நாம் சென்னைக்குச் செல்லும் வண்டி ரேணிகுண்டாவைக் கடந்தபின் புத்தூர் வருகிறது. எலும்பு முறிந்தால் கட்டுப் போடும் ஊர் என்றே நம்மவர் பலர் அதனை அறிவர். அங்கிருந்து சில கல் தொலைவில் உள்ளது நாராயணவனம். 1960-ஆம் ஆண்டு எல்லைத் திருத்தத்தில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துள் சேர்ந்தது. கோடு எங்கே விழுந்தாலும், அப்பக்கத்துத் தெருக்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன.

அவ்வூரே ஆகாச ராசனின் தலைநகரம் என்றும், அவன் மகள் பத்மாவதியைத் திருவேங்கடமுடையான் மணந்த இடம் என்றும் தலபுராணம் கூறும். கல்யாண வேங்கடேசுவரர் கோயில் அங்கே உள்ளது. 1967 முதல் அது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. தேவரும் முனிவரும் வந்திருந்த அத்திருமணத்தில் தோற்றத்தைப் பற்றிய செய்திகள் சில உள்ளன. பக்தி ஒருபுறமிருக்க, அவற்றை மட்டும் நோக்குவோம்.

மணமகன் முதலில் வேட்டைக் கோலத்தில், குதிரைமீது மிடுக்காகச் சென்று பெண்ணைக் காண்கிறான். அவனுக்குக் கிடைத்தது கல்லடி, குதிரையும் மாண்டது. பின்னர் அவனே கூடையேந்திய குறத்தி வேடம் பூண்டு குறி சொல்லச் செல்கிறான். இம்முறை அரண்மனை அந்தப்புரமே அவனை உள்ளே அழைத்து உட்கார வைத்துக் கேட்கிறது! பகட்டான உடைக்குக் கதவு மூடியது. இடத்துக்கு ஏற்ற உடைக்குக் கதவு திறந்தது. ஆடையைப் பற்றி இதனினும் நல்ல கதை நமக்குத் தெரியாது. இன்னொரு செய்தி, அத்திருமணச் செலவுக்காகக் குபேரனிடம் கடன் வாங்கியது. அந்தக் கடனுக்கு இன்றளவும் வட்டி கட்டப்படுவதாகவே மக்கள் நம்புகின்றனர். கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு மாதந்தோறும் பிடித்தம் கொடுக்கும் நாம் இக்கதையைக் கேட்டுச் சிரிப்பதற்கு அஞ்சவேண்டும்.

மூன்றாவது செய்தியே நம் பொருளுக்கு முதன்மையானது. அக்கோயிலில் ஒரு பெரிய திருகைக் கல்லைக் காட்டுகின்றனர். அத்திருமணத்திற்கு நலங்கு மா அரைத்த கல் அது என்பது அவ்வூர் வழக்கு. வழக்கின் உண்மையை ஆராய்வது நம் வேலையன்று. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி முகத்துக்கு மட்டும் மா அரைப்பதற்கு அவ்வளவு பெரிய கல் எதற்கு? கல்யாண வீட்டுக்கு வந்த உறவு முழுவதும் எண்ணெய் தேய்த்து நீராட வேண்டும். அவ்வளவு பேருக்கும் மா வேண்டும். அத்தை, சித்தி, நாத்தி எல்லாரும் கூடிப் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவர், மாப்பிள்ளைக்கும் பூசுவர். அந்த மாப்பிள்ளையோ மேகவண்ணன்! அவனுடைய கருமையை வெளுக்க வேண்டுமென்று யாரும் மா அரைக்கவில்லை. உடம்பின் எண்ணெயும் அழுக்கும் போக வேண்டும், மணம் கமழ வேண்டும், பலர் கை பட்டுப் பெண்ணின் அச்சம் தெளிய வேண்டும் என்பதே நலங்கின் நோக்கம்.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, மராட்டிய மண்ணில் இரண்டு அறை வீட்டில் வாழும் நமக்கு அத்தையும் சித்தியும் அருகில் இல்லை. அந்தக் கைகள் இருந்த இடத்தில் இன்று கண்ணாடியும் கைப்பேசியும் அழகு நிலையமும் வந்து அமர்ந்திருக்கின்றன. இங்கேதான் ஆபத்தும் நுழைகிறது.

நம் காலனித் தாய் ஒருத்தி ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். “அண்ணா, நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பெண் முகத்தைப் பாருங்கள்” என்று கண் கலங்கினார். பெண்ணின் கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, சிறு கொப்புளங்கள் நிறைந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டில் எவரோ “பெண் கொஞ்சம் கறுப்பு” என்று சொன்னதாகக் காதில் விழுந்ததாம். உடனே கடையில் சீட்டின்றிக் கிடைத்த ஒரு களிம்பை இரண்டு மாதமாகப் பூசியிருக்கிறாள். நாம் அவர்களை இரயில்வே மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறினோம். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று மருத்துவர் கண்டார். பெண் தேறிவிட்டாள், நிச்சயதார்த்தம் மட்டும் தள்ளிப் போயிற்று.

தாய்மார்கள் இதனைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பெட்டமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் தோல் அழற்சிக்கும் அரிப்புக்கும் மருத்துவர் அளந்து கொடுப்பவை. முகத்தில் பூசினால் முதலில் சில நாள் வெளுத்தாற்போல் தோன்றும். பின்னர்த் தோல் மெலியும். இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். முகத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினாலோ முன்னினும் மோசமாகும். இவற்றுள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018-ஆம் ஆண்டு நடுவண் அரசு பட்டியலிட்டது. பட்டியல் இருக்கிறது, விற்பனையும் நடக்கிறது.

இதனினும் கொடியது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கிறது. அதனால் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல்வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் சென்று தாக்குகிறது. 2023-ஆம் ஆண்டு கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிவந்த வெளுப்புக் களிம்புகளையே காரணமாகச் சுட்டினர். இன்ன நிறுவனத்தின் செய்பொருள் என்ற விவரமே இல்லாமல் வரும் டப்பாக்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மெலனினைப் பகையாக எண்ணுவதே முதற் பிழை. அதனை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒன்றே. உண்டாகும் நிறப்பொருளின் அளவும் வகையுமே வேறு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் குடை அது. 1975 முதல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று விற்றுவந்த களிம்பின் பெயரையே அதன் நிறுவனத்தார் 2020-ஆம் ஆண்டு மாற்றி, வெளுப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டனர். கடைக்காரரே விட்டுவிட்ட சொல்லை நாம் பெண் பார்க்கும் கூடத்தில் இன்னும் உச்சரித்துக் கொண்டிருப்பது வெட்கமன்றோ?

இனி, அன்றாடம் செய்யத்தக்கன சில. நம் தோலுக்கு இவ்வூர்க் குளிர்காலம் பகை. கைகால் சாம்பல் பூத்தாற்போல் வறளும். சோப்பை மேலும் மேலும் தேய்ப்பதால் அது கூடுமேயன்றிக் குறையாது. வெந்நீரின் சூட்டைக் குறைத்து, குளித்தவுடன் ஈரம் முழுதும் உலருமுன் சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் போதும். முகத்துக்குப் பவுடர் பூசுவோர் கழுத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக வருவோரைக் காண நமக்கு நாடக மேடையின் நினைவே வருகிறது. தலைக்குச் சாயம் தீட்டும் நண்பர்கள், முதலில் சிறிது எடுத்துக் காதின் பின்புறம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கவும். பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் உள்ள பாரா பினைலீன் டையமின் சிலருக்கு முகமெல்லாம் வீங்கச் செய்யும். மேலும், நரை ஒன்றும் குற்றமன்று. சீராக வெட்டிய நரை மீசை நம் அலுவலகத்துப் பெரியவர் பலருக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது!

ஆடவர் பல்லைப் பற்றியும் ஒரு சொல். குட்காவை இம்மாநில அரசு 2012-இலேயே தடை செய்தது. ஆனால் நம் இளைஞர் சிலர் சிரிக்கும்பொழுது அந்தத் தடை தெரியவில்லை. வேலைக்கான சான்றிதழ்ச் சரிபார்ப்புக்குச் செல்லும் தம்பி, புதுச் சட்டை வாங்குமுன் பல்லையும் நகத்தையும் நோக்குவானாக. மேசைக்கு அப்பாலிருந்து தாளை வாங்குபவர் முதலிற் காண்பது நீட்டும் விரலைத்தான். இது நாம் மேசைக்கு இப்பாலிருந்து அறிந்தது.

உடைக்கு வருவோம். நாராயணவனம், புத்தூர், நகரி வட்டாரம் நெசவாளர் வாழும் பகுதி. கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகிவிட்ட போதிலும் நூலின் அருமை அறிந்தவர்கள் அங்கே மிகுதி. கறுத்தவர் வெளிர் நிறமே உடுத்த வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. நெசவாளர் அதனை ஒப்பமாட்டார். அரக்கு, மயிற்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை ஆகிய நம் பழைய வண்ணங்களெல்லாம் மாநிறத்தின்மேலும் கருநிறத்தின்மேலும் ஒளி விடுவதற்கென்றே சாயத்தொட்டியில் பிறந்தவை போலிருக்கும். வாங்கும்பொழுது 2006-இல் அரசு கொணர்ந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சட்டையாயின், தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அது இறங்கினால் ஆயிரம் ரூபாய்ச் சட்டையும் இரவல் சட்டையாகவே தோன்றும். தையற்காரரிடம் சிறு தொகை கொடுத்துத் திருத்திக்கொள்வது புதியது வாங்குவதைவிட மேல். கோடையில் பருத்தி, வேட்டிக்கு அளவான கஞ்சி. கஞ்சி மிகுந்தால் வேட்டி நம்மை உடுத்திக்கொண்டது போலாகிவிடும்.

பேச்சோடு நில்லாமல் ஒரு காரியமும் செய்யலாமென்று மாதர் பிரிவினரோடு கலந்து முடிவு செய்திருக்கிறோம். நம் காலனியில் வரும் தை மாதத்தில் மூன்று திருமணங்கள். அவற்றுக்கு மட்டுமன்றி எல்லா வீட்டுக்கும் பொதுவாக நலங்கு மா அரைக்க இருக்கிறோம். ஒரு கிலோ பச்சைப்பயற்றுக்குக் கடலைப்பருப்பு கால் கிலோ, உலர்ந்த ஆவாரம்பூவும் ரோசா இதழும் நூறு நூறு கிராம், பூலாங்கிழங்கு நூறு, வெட்டிவேர் ஐம்பது, கஸ்தூரி மஞ்சள் ஐம்பது என்பது நம் வீட்டு அளவு. ஆடவர்க்கு மஞ்சள் சேர்க்காமல் தனியே எடுத்து வைக்கலாம். இது வெளுக்க வைக்காது. அழுக்கை எடுக்கும், மணக்கும், அவ்வளவே. முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்துக்கொள்ளவும்.

ஊரிலிருந்து வருவோர் ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் கொண்டுவர இசைந்துள்ளனர். பயறும் பருப்பும் அவரவர் வீட்டிலிருந்து கழுவி, நன்றாகக் காயவைத்து, பொங்கலுக்கு முந்திய ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் சங்கக் கட்டடத்துக்குக் கொணர்க. மாவு மில்லுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம். அன்று மிளகாய் அரைக்குமுன் நம் மாவை அரைத்துத் தருவார். தாமதமாய் வருவோர் முகம் எரிந்தால் சங்கம் பொறுப்பன்று! மணப்பெண்கள் மூவருக்கும் நலங்கு வைக்க விரும்பும் தாய்மார்கள், இன்றே மாதர் பிரிவுச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். இதுவரை பதினொரு பேர் கொடுத்திருக்கின்றனர்.